பன்னிரண்டா, மூன்றா?

கப்பல் அலுவலகத்தின் மூன்றாம் மாடி ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயில், மேசை விளிம்பைப் பிடித்து நிற்பவளின் எட்டு மாத வயிற்றைத் தொடுகிறது. கப்பலிலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் பட்டியலில் அவள் கணவனுக்கு நேரே டிசம்பர் மூன்று என்றிருக்கிறது. "மார்ச் பன்னெண்டுன்னு சொன்னாருக்கா அவரு. மாசக் கடைசியில பிரசவம். இந்தப் பட்டியலைப் பாத்துத்தானே டிக்கெட் போடுவாங்க?" கணினி முன்னால் இருக்கும் அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேப்டனின் கடிதத்தைத் திறக்கிறாள். அதில் 12/03. மறுபடி பட்டியலை மேலும் கீழும் உருட்டியவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். "பதிமூணாம் தேதியிலேர்ந்து எல்லாம் ஒழுங்கா இருக்கு. பதிமூணாவது மாசம்னு ஒண்ணு இல்லியே. பன்னெண்டு வரைக்கும்தான் நாளும் மாசமும் இடம் மாறிக்கிடக்கு. பட்டியல் தானா தயாராகட்டும்னு நான் எழுதின மேக்ரோ பண்ணின கூத்தும்மா இது."

"நான் சுமக்கற ஒன்பது மாசம் பத்தாதுன்னு இது வேற ஒன்பது மாசம் சேத்துச்சாக்கும்."

அக்கா சிரித்துக்கொண்டே தட்டுகிறாள். விசைப்பலகையின் சடசடப்பில் மேசை மேலிருக்கும் தேநீர் மெல்ல நடுங்குகிறது. "இனிமே மாசத்தை எழுத்துலதான் காட்டும். குழப்பமே வராது." பட்டியலைப் புதிதாக எடுக்கும் பொத்தானை அழுத்துகிறாள். திரை ஒருமுறை சிமிட்டுகிறது. பன்னிரண்டு, மார்ச். நின்றிருப்பவள் சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி இன்றிலிருந்து விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறாள். பதினாறு என்று எண்ணும்போது உள்ளிருந்து ஓர் உதை, எண்ணிக்கை தவறிப்போகிறது. அவள் வயிற்றைத் தடவிக்கொடுத்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுகிறாள்.