அறுபத்திரண்டாவது வீடு

“ஏம்மா, இது ரெண்டும் கலந்த பை. இத நான் வாங்க மாட்டேன்.”

மாடி வீட்டுக்காரி கேட்டுக்கு வெளியே பையை நீட்டியபடி நின்றாள். தள்ளுவண்டியைப் பிடித்திருந்த பச்சைக்கோட்டு அக்கா கையை நீட்டவில்லை. நகராட்சி கொடுத்த கோட்டின் நிறமே தெருவில் அவளுக்குப் பெயராகியிருந்தது.

“தினமும் உன்னோட இதே ரோதனை. வாங்குறதுதானே உன் வேலை?”

“பிரிச்சுக் குடுத்தா வாங்குறது என் வேலை. வெங்காயத் தோலையும் பால் கவரையும் ஒண்ணாக் கட்டிக் குடுத்தா, திருப்பிக் குடுக்குறதும் என் வேலைதான்.”

“இந்த ஊர்ல உனக்கு வேற தெருவே கிடைக்கலையா? மாத்திக் கேட்டு வாங்கிட்டுப் போயேன்.”

“எனக்குக் குடுத்த தெரு இது. நானாக் கேட்டு வரல.”

கேட் படாரென்று சாத்தப்பட்டது. எதிர்வீட்டு டீச்சர் இரண்டு வாளிகளோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி. வயசுல மூத்தவங்கன்னுகூடப் பாக்காம நீ, வா, போன்னு பேசுறா. குடிவந்து நாலு மாசம் ஆகல, அதுக்குள்ள எத்தனை வாய் பாருங்க.”

“வாய் எப்படியோ இருக்கட்டும் டீச்சர். வாளி ரெண்டானாப் போதும்” என்று வண்டியைத் தள்ளினாள் அக்கா.

வீடு வீடாகக் குப்பையைப் பிரித்து வாங்க, மூன்று மாதச் சோதனையாக நகராட்சி சில பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது. ஆளுக்கொரு தெரு. தெருவில் எல்லா வீடும் பிரித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம். ஒரு வீடு குறைந்தாலும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

அக்காவின் தெருவில் அறுபத்திரண்டு வீடுகள். முதல் வாரம் ஏழு வீடுதான் தேறியது. தையல்காரர் துண்டுத் துணியோடு சாப்பிட்ட இலையையும் சேர்த்துச் சுருட்டிக் கொடுப்பார். டாக்டர் வீட்டில் வாளியையே தூக்கி வண்டிக்குள் வீசினார்கள். கெஞ்சியும், விளக்கியும், இரண்டு வாசல்களில் நேருக்கு நேர் மல்லுக்கட்டியும் அறுபத்தொரு வீடுகளை அவள் கரையேற்றிவிட்டாள். மிச்சம் இருந்தது மாடி வீடு மட்டும்.

தெருக் குப்பையெல்லாம் வந்து சேரும் நகராட்சிக் கொட்டகையில் மேற்பார்வையாளர் பதிவேட்டைத் தட்டினார். “இன்னும் ஒரு வாரந்தான் இருக்கு. அந்த ஒரு பையை வாங்கி நீயே பிரிச்சுப் போட்டுட்டு, அறுபத்திரண்டுன்னு எழுதிடு. யாரு வந்து பாக்கப் போறா?”

“நான் பிரிச்சா என் கைதான் சார் பழகும். பழகவேண்டியது அந்த வீட்டுக் கை.”

“வேலை போயிடும்மா.”

“இன்னும் ஒரு வாரம் இருக்குல்ல, பாத்துக்கலாம்.”

மறுநாள் அக்கா தெருவுக்கு வந்தபோது, கேட்டுக்கு வெளியே போட்டிருந்த பையை நாய் கிழித்துத் தெரு நெடுக இழுத்திருந்தது. அவள் குனிந்து வாரினாள். வெங்காயத் தோலுக்குள் கிடந்த உடைந்த கண்ணாடிச் சில்லு, கையுறையைக் கிழித்து உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது.

டீச்சர் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். “இத இப்படியே விடக் கூடாது. நான் புகார் எழுதித் தர்றேன். அபராதம் போட்டாத்தான் அவளுக்குப் புத்தி வரும்.”

“வேணாம் டீச்சர். சின்னப் பொண்ணு, தெரியாமப் போட்டிருக்கும்.”

சத்தம் கேட்டு மாடி வீட்டுக்காரி கேட் வரை வந்துவிட்டாள். ரத்தத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், கூடியிருந்தவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அக்கா நிமிர்ந்தாள். “உள்ள போம்மா. கீழ எல்லாம் கண்ணாடி. கால்ல செருப்புகூட இல்லாம நிக்கிற.”

அடுத்த நாள் காலை, கட்டுப்போட்ட கையோடு ஒற்றைக் கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள் அக்கா. மாடி வீட்டு வாசலில் இரண்டு வாளிகள் தயாராக இருந்தன. ஒன்றில் காய்கறித் தோல். மற்றதில் கழுவிக் காயவைத்த பால் கவர்கள். பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்; மேலே பெரிய எழுத்தில் ‘கண்ணாடி, கவனம்’. ஆளைத்தான் காணோம். அக்கா மேலே பார்த்தாள். ஜன்னல் திரை லேசாக அசைந்தது.

கெடு முடியும் வரை ஒரு நாள்கூட அந்த வாளிகள் தவறவில்லை.

கடைசி நாளன்று மேற்பார்வையாளர் உத்தரவுத் தாளோடு தெருவுக்கே வந்துவிட்டார். “ஊர்லயே முழுசாத் தேறின தெரு இது ஒண்ணுதான். அறுபத்திரண்டுக்கு அறுபத்திரண்டு. இவங்களுக்கு வேலை நிரந்தரம். அதோட இனிமே கொட்டகைக்கும் இவங்கதான் பொறுப்பு.”

தெருவே கைதட்டியது. தையல்காரர் விசிலடித்தார். அக்கா கோட்டை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். போட்டோ எடுக்க எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். மேற்பார்வையாளர் அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார்.

அப்போது மாடி வீட்டுக் கேட் திறந்தது.

“போட்டோன்னதும் ஆள் வந்தாச்சு” என்று முணுமுணுத்தார் டீச்சர்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்தாள். “கொஞ்சம் நகருங்க சார்” என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, பச்சைக் கோட்டின் தோளில் கைபோட்டு இறுக அணைத்துக்கொண்டாள்.

“இவங்க பக்கத்துல நான்தான் நிக்கணும்” என்றாள் தெருவே கேட்கும்படி. “இவங்க என்னைப் பெத்த அம்மா.”