படுதாவுக்குப் பாரம்

கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிய மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. படுதா பறக்காமல் இருக்க ஆளாளுக்குச் செங்கல் தேடினார்கள். அன்று செங்கலுக்குத் தங்கத்தின் மவுசு. செங்கல் கிடைக்காத ரெங்கசாமி, கல்லூரியில் படிக்கும் மகளின் தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து படுதா மேல் வைத்தார். மேல்நாட்டு விக்கா மதத்தின் கலைக்களஞ்சியம் அது. மந்திரம், மூலிகை, சூனியம் எல்லாம் அகர வரிசையில்.

"என்ன மாமா, நெல்லுக்குப் பேய் ஓட்டுறீங்களா?" என்றாள் பக்கத்துக் குவியல் அமிர்தம்.

"பேய் இருக்கோ இல்லையோ, கனம் இருக்கும்மா."

மழை விட்ட மறுநாள் ஈரப்பதம் பார்த்தார்கள். பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். அமிர்தத்தின் நெல் இருபத்திரண்டு. ரெங்கசாமியின் நெல் ஒன்பது. எழுத்தர் கருவியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். ஒன்பதுதான்.

அமிர்தம் வந்து நின்றாள். "மாமா, அந்தப் புத்தகத்த ஒரு நாளைக்குக் குடுங்களேன்."

"பேய் பிடிச்சா என்னையச் சொல்லக் கூடாது."

"நெல்லு தப்பிச்சாப் போதும். பேய நான் பாத்துக்கறேன்."

ரெங்கசாமி சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் தூக்கினார். அசையவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. அட்டை வெயிலில் கிடந்ததுபோல் காய்ந்திருந்தது. உள்ளே, நடுப்பக்கத்தில் எங்கோ, ஒரு தவளை கத்தியது.