பொன்முடிக்குப் போகும் வண்டி

வண்டி எண்ணெய் ஒழுக்குகிறது என்பதை முற்றத்து மண் ஒப்புக்கொண்டுவிட்டது. தாணுலிங்கம் பிள்ளைதான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

"லேசா வேர்க்குது, அவ்வளவுதான்" என்றார்.

வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்த திரவியம் மேஸ்திரி வாயை இறுக மூடிக்கொண்டார். திறந்தால் அந்த வேர்வை வாயில் விழும்.

பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரிட்டயரான தாசில்தார். திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்து வேறொன்றாகிவிட்ட பிறகும், வாசல் பலகையில் அவர் திருவிதாங்கூர் தாசில்தாராகவே இருந்தார்.

வண்டி, ஏதோ ஒரு துரை சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. பின்சீட்டில் ஒருகாலத்தில் திவான் உட்கார்ந்திருக்கிறார் என்று வருகிறவர்களிடம் பிள்ளை சொல்லுவார். எந்தத் திவான் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் இரண்டாவது காப்பி வராது.

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி. தொட்டிக்கு அடியில், பழைய எண்ணெயை வடிக்க ஒரு திருகுமூடி. அதை மட்டும் பிள்ளை யாரையும் தொட விடமாட்டார். ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி, உடம்பு முழுவதையும் கொடுத்து முடுக்குவார். இறுக்கினால்தான் எதுவும் நிற்கும் என்பது சர்வீஸில் கற்றது.

மூடி எஃகு, தொட்டி அலுமினியம். அலுமினியத்துக்கு அந்த சர்வீஸ் பழக்கமில்லை.

"எல்லாம் டிரைவர் பண்ணின வேலை" என்றார் பிள்ளை.

டிரைவர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகிறது.

உச்சிப்பொழுதுக்குள் புறப்பட்டாக வேண்டும், மனைவி பொன்னம்மையைக் கூட்டிக்கொண்டு. இனித் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அவளுக்கு ஒரு சேஞ்ச் வேணும். பொன்முடி மலையில ஒரு மாசம்." அண்டை வீட்டாரிடமும், பொன்னம்மையிடமும், இப்போது மேஸ்திரியிடமும் ஒரே வாசகம், எழுத்து மாறவில்லை.

மழைக்காலத்துக் காய்ச்சலில் மகள் விஜயம் இறந்துவிட்டாள். பொன்னம்மை அவளை இன்னும் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அடுக்களைக்குள் நின்று கூப்பிட்ட வரைக்கும் பிள்ளை பொறுத்துக்கொண்டார். பக்கத்தில் யாரும் இல்லாதபோது, "இந்தா வாறா" என்று பதிலும் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் அவள் தெருவில் இறங்கிக் கூப்பிட்டாள். எதிர்வீட்டில் ஜட்ஜ் குடியிருக்கிறார்.

வாடகை வண்டிக்காரன் ஊரெல்லாம் பேசுவான். ஆகவே சொந்த வண்டி.

மேஸ்திரி, மரை வெட்டும் டாப்பின் பற்களில் கிரீஸை அப்பினார். வெட்டுகிற தூள் தொட்டிக்குள் விழாமல் ஒட்டிக்கொள்ளும். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று திருப்பி, தேய்ந்த துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டினார். முந்தின நாளே அளவெடுத்துக் கடைந்து வைத்திருந்த பெரிய மூடி அதில் போய் உட்கார்ந்தது.

"ஒரு காரியம் சாரே" என்று வெளியே ஊர்ந்து வந்தார். "வித்துரா தாண்டினா ஏற்றம். எஞ்சின் தீயா கொதிக்கும். இங்கினயே ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டு மலை ஏறினாப் போதும்."

"இன்னைக்கே போகணும்."

"வளைவுல நிண்ணு போச்சுன்னா, சுகமில்லாத அம்மையை வச்சிட்டு என்ன செய்விய?"

"அதெல்லாம் ஏறும்."

மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. கழற்றின பழைய மூடியை நீட்டி, அதில் பிய்ந்து ஒட்டியிருந்த தொட்டியின் மரையைக் காட்டினார். அவர் தமிழர்தான், தொழில் படித்தது மலையாளத்தில். மலையாளத்தில் மரைக்குப் பிரி என்று பெயர். மரை தேய்ந்தால் பிரி போயி என்பார்கள். ஒருவருக்குப் புத்தி கலங்கினாலும் இந்த ஊரில் சொல்லுவது அதையேதான்.

"முறுக்கி முறுக்கி, பாவம், பிரி முழுக்கப் போயி சாரே. இனி இது நேரே ஆவாது."

பிள்ளை எழுந்த வேகத்தில் நாற்காலி சரிந்தது.

"யாரைப் பாத்துலே சொல்லுக? யாரு சொன்னா ஒனக்கு? டாக்டர் சொல்லியிருக்கான், சரியாயிரும்னு. என் முற்றத்துல நிண்ணுக்கிட்டு, என் பெண்டாட்டிக்குப் பிரி போச்சுன்னு…"

மேஸ்திரி மூடியை நீட்டிய கையை மடக்கவில்லை.

பிள்ளை அதை அப்போதுதான் பார்த்தார்.

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று, மரியாதையாக, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

பொன்னம்மை வாசற்படியில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தலை முழுகி, ஈரக் கூந்தலை நுனியில் முடிந்திருந்தாள். கையில் சின்னதாக ஒரு துணிமூட்டை. பொன்முடிக் குளிருக்கென்று பிள்ளை எடுத்து வைத்த கம்பளி அதில் இல்லை.

"மனசுல வச்சுக்கிடாதீங்கோ மேஸ்திரி" என்றாள். "மலையெல்லாம் ஏறாண்டாம். ஊளம்பாறை ஆசுபத்திரிக்குத்தான் போறோம்."

திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை என்று சொன்னால் எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் கேட்பதில்லை. புத்தி கலங்கினவர்களைக் கொண்டு விடுகிற இடம் அது.

பிள்ளை அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. குனிந்து, வண்டிக்கடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போறப்போ நிண்ணாலும் சாரமில்லே, நான் கூட இருக்கேன். வாறப்போ இவரு தனியா வரணும். வழியில நிண்ணிராம பாத்துக்கிடுங்கோ."