வியாழக்கிழமை ஆள்

“அவரை மாத்திட்டா நான் யாருக்குப் போன் பண்றது? உங்களுக்கா?”

“மெதுவா பேசுங்க சிஸ்டர். வெளியே கேட்குது.”

“கேட்கட்டுமே பாஸ்டர்! நான் என்ன திருடவா வந்திருக்கேன்?”

மெதுவாகப் பேசச் சொன்னால் லாண்டரிக்காரிக்குச் சுருதி இன்னும் ஏறும். தெருவில் அவளுக்கு ‘லவுட்ஸ்பீக்கர்’ என்று பெயர். ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டு முடிப்பதற்குள் மூன்று வீட்டுச் சமாச்சாரத்தை அலசிக் காயப்போட்டுவிடுவாள்.

அப்படிப்பட்டவளின் வாயை அடைத்தது ஒரு லிஃப்ட். அதைப் பழுது பார்க்கப் போன புருஷன் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினான். சாயங்காலம் டப்பா மட்டும் வீடு வந்தது.

சர்ச் அறிவிப்புப் பலகையில் ‘மனதில் பாரமா? பேசுங்கள்’ என்று ஒரு நம்பர் இருந்தது. நாளுக்கு ஒருவர் போனை எடுப்பார். லாண்டரிக்காரி எல்லோரிடமும் ஒரு சுற்றுப் பேசிப் பார்த்துவிட்டாள். வியாழக்கிழமை நாலு மணி ஆள் மட்டும்தான் அவளுக்குச் சரிப்பட்டார். அவரைத்தான் மாற்றப்போகிறார்களாம்.

“நாலு பேர் புகார் குடுத்திருக்காங்க,” என்றார் பாஸ்டர். “‘போனை எடுக்கறார், ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார், டொக்குனு மேஜையைத் தட்டறார். இது என்ன மரியாதை’ன்னு கேட்கறாங்க. கமிட்டி முடிவு பண்ணிடுச்சு.”

“நல்ல கமிட்டி! திங்கக்கிழமை அக்கா, ‘அழாதேம்மா, அவர் நல்ல இடத்துல இருக்கார்’னாங்க. செவ்வாய்க்கிழமை அண்ணன், ‘எல்லாத்துக்கும் தேவன் ஒரு நோக்கம் வச்சிருப்பார்’னார். என்ன நோக்கம்னு கேட்டேன். இருமினார். வியாழக்கிழமைதான் நான் முழுசா அழுதேன். ‘இருக்கீங்களா?’ன்னு கேட்டா ஒரு டொக். ‘இன்னும் சொல்லட்டுமா?’ன்னா ரெண்டு டொக். நாற்பது நிமிஷம் பாஸ்டர்! என் புருஷனே அவ்வளவு நேரம் எனக்குக் காது குடுத்ததில்லை.”

பாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். சுவரில் பாட்டுக்குழுவின் பழைய போட்டோ. நடுவில் ஒரு நெட்டை மனிதர், பல்லை எண்ணிவிடலாம் போல வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தார்.

சண்டைக்கு நடுவிலும் அவள் கண் சும்மா இருக்குமா? “யாரு அது, அப்படி வாயைப் பிளந்துகிட்டு?”

“எங்க பாட்டுக்குழுத் தலைவர். அவர் பாடினா பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும்.”

“நான் கேட்டதே இல்லையே?”

“நீங்க இங்கே வர்றதுக்கு முன்னாடி.” பாஸ்டர் பேச்சை மாற்றினார். “உங்க வியாழக்கிழமை ஆளும் பெரிய அடி பட்டவர்தான் சிஸ்டர். ‘தேவன் எதுக்கு எனக்கு இப்படிப் பண்ணார்’னு என்கிட்டே கேட்டார். எனக்கும் இருமல்தான் வந்தது. பதில் தெரியாமத்தான் அவரைப் போன் முன்னாடி உட்கார வச்சேன். இப்ப அதையும் பிடுங்கறோம்.”

“எங்கே இருக்கார்?”

“உள் அறையில. இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே.”

லாண்டரிக்காரி விறுவிறுவென்று போய்க் கதவைத் தள்ளினாள். போனுக்கு எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, இந்தத் தெரு கேட்டிராத தணிந்த குரலில் சொன்னாள்:

“எதுக்குன்னு எனக்கும் தெரியாதுங்க. ஆனா வியாழக்கிழமை நாலு மணிக்கு நீங்க இல்லாம இருந்திருந்தா, நான் இன்னிக்கு இல்லை.”

அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் அந்த அறையிலிருந்து அவள் குரல் ஒன்றுதான் கேட்டது. மறுநாளே கமிட்டி முடிவை மாற்றிக்கொண்டது. லவுட்ஸ்பீக்கர் தங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடும் என்ற பயமாகவும் இருக்கலாம்.

அடுத்த வருஷம் அதே சர்ச்சில் இரண்டு பேருக்கும் கல்யாணம். இவளைக் கட்டிக்கொள்ளும் தைரியசாலி யார் என்று பார்க்கவே பாதித் தெரு திரண்டிருந்தது.

“இவளை உன் மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?” என்று பாஸ்டர் கேட்டார்.

தொண்டையில் வந்த புற்றுநோய்க்குக் குரலையே பறிகொடுத்திருந்த அந்தப் போட்டோ நெட்டை மனிதர், கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, எதிரே இருந்த மரக்கிராதியில் இரண்டு தடவை தட்டினார்: டொக், டொக்.