ஏழாவது லைன்

“ராஜபாளையம், நான் பேசுறது கேக்குதா?”

“கேக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர். எண்ணுங்க.”

மறுமுனையில் பெண்குரல் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணியது. சமுத்திரம் ரிஜிஸ்டரில் முதல் லைனுக்கு நேரே ‘சரி’ என்று எழுதினான்.

இரண்டு ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கும் நடுவே பன்னிரண்டு லைன். தினமும் காலை ஏழு மணிக்கு ஒவ்வொன்றிலும் பேசிப் பார்க்க வேண்டும். அப்போது பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது, ஊர்ப்பெயர்தான். ஆறு வருஷமாக அவன் ராஜபாளையம், அவள் ஸ்ரீவில்லிபுத்தூர். லாட்ஜில் தனியாகப் படுத்து எழுகிறவன், அந்தக் குரலுக்காகவே காய்ச்சலோடும் வேலைக்கு வந்திருக்கிறான்.

நாளையிலிருந்து அது இல்லை. புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. லைனை அதுவே டெஸ்ட் செய்துகொள்ளும்.

“ஏழாவதுல இரைச்சலா இருக்கு. திரும்ப எண்ணுங்க,” என்றான்.

எண்ணினாள்.

“இன்னும் தெளிவா இல்ல. வேற ஏதாச்சும் பேசுங்க.”

“வேற என்னத்தப் பேச? இங்க தூறுது.”

“இங்க வெயிலு சுள்ளுன்னு அடிக்கு.”

பக்கத்து மேஜையில் சூப்பர்வைசர் சிவனாண்டி டீ கிளாஸை வைத்தார். மாற்றலாகி வந்து ஒரு மாசம்தான் ஆகிறது.

“ஏலே சமுத்திரம், தெனம் அந்த ஏழாவது லைன்ல மட்டும் அப்படி என்னலே இரைச்சல்? லைன்மேன் மூணு தடவை பாத்துட்டான். சுத்தமா இருக்குங்கான்.”

சமுத்திரம் ரிசீவரைக் கையால் பொத்தினான். “சில நேரம் இருக்கு சார், சில நேரம் இல்ல.”

“நாப்பது வயசுல லாட்ஜ்ல கெடந்தா காதுக்குள்ளதாம்லே இரைச்சல் வரும். சேத்தூர்ல எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு இருக்கு. கேக்கட்டுமா?”

“வேண்டாம் சார்.”

“அப்ப அந்த அம்மாவையே கேட்டுப் பாரு, கட்டிக்கிடுதியான்னு.” தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு அவர் வெளியே போனார்.

கையை எடுத்தான்.

“யாரு அது?”

“புது சூப்பர்வைசர்.”

“பொத்தினாலும் கேட்டுச்சு.”

அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

“ராஜபாளையம், ஏழாவது லைன் நல்லாத்தான் இருக்கு. ஆறு வருசமாவே நல்லாத்தான் இருக்கு.”

“தெரியும்.”

“எட்டாவதுக்கு வாங்க.”

எட்டு, சரி. ஒன்பது, சரி. பத்தும் பதினொன்றும் அப்படித்தான். பேனாவை எவ்வளவு மெதுவாக நகர்த்தினாலும் பன்னிரண்டாவது வந்துவிட்டது. பத்துவரை எண்ணிய பிறகும் அவள் போனை வைக்கவில்லை.

“ஒரு விசயம். நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கோர்ட்டு. புருசனும் பொஞ்சாதியும் பிரிஞ்ச இந்த ஆறு வருசத்துல ஒரு வார்த்தை பேசிக்கிட்டதில்லன்னு, ஜட்ஜ் கேட்டா நாம ரெண்டு பேரும் ஒண்ணுபோலச் சொல்லணுமாம். வக்கீல் சொன்னாரு. மறந்துராதீங்க.”

சமுத்திரம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“இரைச்சலா இருக்கு, குருவம்மா,” என்றான். “திரும்பச் சொல்லு.”