கத்தியில் விழுந்த முகம்

திண்டிவனம் மரிய அருணுக்கும் விழுப்புரம் குமரேசனுக்கும் ஆன்லைன் ஏலத்தில் பழைய சவரக்கத்திகளுக்காக எப்போதும் போட்டிதான். இந்த முறை அருண் ஜெயித்தான். கத்தியைத் தீட்டிப் பளபளப்பாக்கி, மறுபடி விற்பதற்குப் படம் எடுத்தான். தன் முகம் அதில் விழாமலிருக்க வழக்கம்போல் வெள்ளைத்தாளை எதிரில் பிடித்துக்கொண்டான். படத்தை ஏலத்தில் போட்டதும் குமரேசன் போன் செய்தார்.

“இன்னாப்பா, கத்தியில உன் மூஞ்சி விழுந்துக்குது?”

“சான்ஸே இல்லண்ணே. பேப்பர் வெச்சித்தான் எடுத்தேன்.”

“நல்லாத் தெரியுதுப்பா. வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கினு வளர்த்த தாடிய எப்ப எடுத்த? கழுத்தாண்ட பாத்து எடுக்கக் கூடாது? இவ்ளோ ஆழமாவா வெட்டிக்குவ?”

அருண் தாடியைத் தடவிப் பார்த்தான். அடர்த்தியாக, அப்படியே இருந்தது. அதை எடுக்க வேளாங்கண்ணிக்குக் கிளம்புவது நாளைக்குத்தான்.