முள் எழும் வரை

வோல்ட்மீட்டரின் முள் அசையவில்லை. புது வேதியியல் டீச்சரின் நெற்றியில் வியர்வை மட்டும் இறங்குகிறது. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்; டீச்சருக்கு வேலை நிரந்தரமா இல்லையா என்பதை இந்த ஒரு வகுப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறார். மேசையில் இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் நிறமற்ற கரைசலில் துத்தநாகத் தகடு, மற்றதில் நீலக் கரைசலில் செம்புத் தகடு. ஜன்னல் வெயில் அந்த நீலத்தைத் துளைத்து, மேசைமேல் நடுங்கும் ஒரு வட்டம் போடுகிறது. இரண்டு குவளைக்கும் பாலமாக, நனைந்த தாள் பட்டை. தகடுகளிலிருந்து வோல்ட்மீட்டருக்குப் போகும் கம்பிகளை டீச்சர் திருகிப் பார்க்கிறாள், மீட்டரைத் தட்டிப் பார்க்கிறாள். ஊஹூம். "மிஸ், முள்ளு தூங்குது, பாவம், எழுப்பாதீங்க!" வகுப்பு சிரிக்கிறது. முதல் பெஞ்சுப் பெண் மட்டும் சிரிக்காமல் எட்டிப் பார்க்கிறாள். "மிஸ், அந்தப் பட்டையை எதுல நனைச்சீங்க?" டீச்சரின் பார்வை பக்கத்துப் பாட்டிலுக்குத் தாவுகிறது. காய்ச்சி வடித்த தண்ணீர்! எல்லாம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற பதற்றத்தில் உப்புக் கரைசலை மறந்தே போயிருக்கிறாள்; உப்பில்லாத பாலத்தில் மின்சுற்று எப்படி முழுமையாகும்? புதுப் பட்டையை உப்புக் கரைசலில் முக்கி எடுத்து, குவளைகளின்மேல் மாட்டுகிறாள். முள் சிலிர்த்து எழுகிறது, ஒரு வோல்ட்டைத் தாண்டிப் போய் நிற்கிறது. கைதட்டல். டீச்சர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்கிறாள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றபடி தலைமையாசிரியை எழுந்திருக்கிறார். "இனிமே இந்த லேப் நிரந்தரமா உங்க கையிலதான் டீச்சர். உப்பை மட்டும் மறந்துடாதீங்க."